விபிஎன், டார், பிரைவேட் ரிலே: யாரிடமிருந்து எது மறைக்கும்?

விபிஎன் என்பது நம் இணையப் போக்குவரத்தை வேறொரு கணினி வழியாகத் திருப்பிவிடும் சேவை. சென்னையில் உட்கார்ந்துகொண்டு விபிஎன் செயலியில் சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்து, கூகுள் மேப்ஸைத் திறந்து பாருங்கள். நீலப் புள்ளி அண்ணா நகரை விட்டு அசையாது. விபிஎன் மாற்றுவது ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை, மட்டும்தான். மேப்ஸோ ஜிபிஎஸ்ஸையும், அக்கம்பக்கத்து வைஃபை ரவுட்டர்களையும், செல்போன் டவரையும் வைத்து இடத்தைக் கணிக்கிறது. டாக்ஸி செயலி, உணவு செயலி எல்லாம் இதே வழியில்தான் நம்மைக் கண்டுபிடிக்கின்றன. லொகேஷன் அனுமதி கொடுத்த செயலிக்கு முன்னால் எந்த விபிஎன்னும் செல்லாது. சிம் கொடுத்த நிறுவனத்துக்கும் நாம் எந்த டவரில் இருக்கிறோம் என்பது எப்போதும் தெரியும்.

ஐபி முகவரியை வைத்துச் சொல்லும் இடம் அவ்வளவு துல்லியமானதும் இல்லை. மொபைல் டேட்டாவில் திருநெல்வேலிக்காரரைச் சென்னைக்காரர் என்று இணையதளங்கள் நினைப்பது சகஜம். அதனால் இருப்பிடம்தான் கவலை என்றால் விபிஎன்னுக்குப் பணம் கட்டுவதற்கு முன் செட்டிங்ஸில் லொகேஷன் பகுதிக்குப் போங்கள். எந்தெந்தச் செயலிக்கு ‘எப்போதும்’ அனுமதி இருக்கிறது என்று பார்த்து, தேவையில்லாததை எடுத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு 12, ஐஓஎஸ் 14 முதல் துல்லியமான இடத்தைக் கொடுக்காமல் தோராயமாக மட்டும் கொடுக்கலாம். வானிலை செயலிக்கு அது தாராளமாகப் போதும்.

சரி, விபிஎன் எதற்குத்தான் உதவும்? அது இல்லாதபோது, நாம் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறோம் என்று இணைய இணைப்பு தரும் நிறுவனம் பார்க்கலாம். தளத்துக்கும் நமக்கும் இடையே போவதை மறையாக்கும் எச்டிடிபிஎஸ் இருப்பதால் பக்கத்தில் என்ன படித்தோம் என்பது தெரியாது. தளத்தின் பெயர் தெரிந்துவிடும். விபிஎன் போட்டதும் அந்தப் பார்வை விபிஎன் நிறுவனத்துக்கு மாறுகிறது. வீட்டுச் சாவியை ஒருவரிடமிருந்து வாங்கி இன்னொருவரிடம் கொடுப்பது போலத்தான் இது. புதியவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

‘நாங்கள் எந்தப் பதிவும் வைப்பதில்லை’ என்று எல்லா நிறுவனங்களும் சொல்கின்றன. சோதனை வந்தபோது என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். 2017ல் அமெரிக்காவில் ஒரு வழக்கில் ப்யூர்விபிஎன் கொடுத்த பதிவுகள் எஃப்பிஐக்கு உதவின. அதே நிறுவனம் பதிவு வைப்பதில்லை என்று விளம்பரம் செய்திருந்தது. மாறாக, 2023 ஏப்ரலில் ஸ்வீடன் போலீஸ் சோதனை வாரண்டோடு முல்வாட் என்ற விபிஎன் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய், வாடிக்கையாளர் விவரம் எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு திரும்பியது. அங்கே கணக்கு தொடங்கப் பெயரோ மின்னஞ்சலோ கேட்பதில்லை. ஓர் எண்தான் கணக்கு. கட்டணத்தை ரொக்கமாகத் தபாலில் அனுப்பக்கூட வழி உண்டு.

நமக்கு இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி போன்றவற்றை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அதற்கு உடன்படாமல் எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன், சர்ஃப்ஷார்க் போன்றவை இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. அவர்களிடம் இந்திய ஐபி கிடைக்கிறது என்றால், அந்த இயந்திரம் வெளிநாட்டில் இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

இலவச விபிஎன் பற்றி எனக்குத் தயக்கமே இல்லை: பெரும்பாலானவற்றை நிறுவவே கூடாது. சர்வருக்கு ஆகும் செலவை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். ஃபேஸ்புக் 2013ல் வாங்கிய ஓனாவோ, பாதுகாப்புச் செயலி என்ற பெயரில் மக்கள் எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்பதைத் திரட்டியது. தன் விதிகளை மீறுகிறது என்று ஆப்பிள் சொன்னதால் 2018ல் அது ஆப் ஸ்டோரிலிருந்து வெளியேறியது. ஹோலா என்ற இலவச விபிஎன் இன்னும் மோசம். பயனர்களின் வீட்டு இணைப்பு வழியாகவே அடுத்தவர்களை இணையத்துக்குள் அனுப்பி, அந்த வசதியை விற்றதும் 2015ல் வெளியே வந்தது. யாரோ செய்த காரியத்துக்கு உங்கள் வீட்டு ஐபி பதில் சொல்ல வேண்டியிருக்கும். விதிவிலக்கு என்றால் புரோட்டான் விபிஎன்னின் இலவசத் திட்டம். பணம் கட்டுபவர்களின் சந்தாவில் அது ஓடுகிறது. நாட்டைத் தேர்ந்தெடுக்க முடியாது, டேட்டா வரம்பும் இல்லை.

டார் என்ற, அடையாளத்தை மறைக்கும் வலையமைப்பு வேறு வகை. அதில் யாரையும் முழுதாக நம்பத் தேவையில்லை. மூன்று கணினிகள் வழியாகப் போவதால், நீங்கள் யார் என்பதும் எங்கே போகிறீர்கள் என்பதும் ஒரே கைக்குக் கிடைக்காது. பத்திரிகையாளர்களுக்கும் ஊழலை வெளிக்கொண்டு வருபவர்களுக்கும் இதுதான் சரி. ஆனால் மெதுவாக இருக்கும், பல தளங்கள் உள்ளே விடாது. டாரில் போய் ஜிமெயிலில் லாகின் செய்தால் கூகுளுக்கு நீங்கள் யார் என்று தெரிந்துவிடும். விபிஎன்னுக்கும் இதே கதைதான்.

ஆப்பிளின் பிரைவேட் ரிலே 2021ல் வந்தது. இரண்டு படிகள்: முதல் படியில் ஆப்பிளுக்கு உங்கள் ஐபி தெரியும், தளம் தெரியாது, இரண்டாவதில் வேறொரு நிறுவனத்துக்குத் தளம் தெரியும், ஐபி தெரியாது. விபிஎன்னை விட நல்ல அமைப்பு. ஆனால் ஐகிளவுட் பிளஸ் சந்தா வேண்டும், சஃபாரிக்கு வெளியே அதிகம் வேலை செய்யாது, நாட்டை மாற்றிக் காட்டாது. ஆண்ட்ராய்டு 9 முதல் இருக்கும் பிரைவேட் டிஎன்எஸ் இலவசம். தளப் பெயருக்கு உரிய ஐபியை உங்கள் போன் கேட்கும் கேள்வியை வழியில் படிக்கவிடாது, உங்கள் ஐபியை மறைக்காது.

தளங்களையே முடக்கும் நேரத்தில்தான் விபிஎன்னின் அருமை தெரியும். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3 அன்றும் இலங்கையில் சமூக ஊடகங்களை முடக்கினார்கள். சொந்தபந்தம் நலமா என்று கேட்கவே விபிஎன் தேவைப்பட்டது. அந்த அவசரத்தில் பிளே ஸ்டோரில் முதலில் கண்ணில் படும் இலவசச் செயலியை இறக்குவதுதான் ஆபத்து. நல்லதாக ஒன்றை இப்போதே நிறுவி வையுங்கள். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் விபிஎன் பகுதியில் ‘எப்போதும் இயங்கும்’ என்பதையும், விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடுக்கும் தெரிவையும் சேர்த்துப் போடுங்கள். நடுவில் விபிஎன் அறுந்தாலும் உங்கள் உண்மையான ஐபி பெரும்பாலும் வெளியே போகாது.