நிலக்கடலைக்கு டிஏபி உரமா, சூப்பர் பாஸ்பேட் உரமா?

ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் மார்கழிப் பட்டத்துக் கடலைக்கு உழவு ஓட்டியதும் வருகிற கேள்வி இது. நெல்லுக்கு டிஏபி போட்டுப் பழகிய கை கடலைக்கும் அதே மூட்டையைத் தூக்குகிறது. நெல்லுக்குச் சரி. கடலைக்கு அது மட்டும் போதாது.

கணக்கைப் பாருங்கள். 50 கிலோ டிஏபி மூட்டையில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) 23 கிலோ, தழைச்சத்து (நைட்ரஜன்) 9 கிலோ. இதே அளவுக்கு சூப்பர் பாஸ்பேட் 3 மூட்டையும் யூரியா 20 கிலோவும் வேண்டும். வண்டிக்கூலி, தூக்குக்கூலி, இறைக்கிற ஆள் என்று எல்லாமே கூடும். டிஏபி பக்கம் ஆட்கள் சாய்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த 3 மூட்டை சூப்பரோடு 16 கிலோவுக்கு மேல் கந்தகமும், அதைவிடக் கூடுதலாகச் சுண்ணாம்புச் சத்தும் (கால்சியம்) வயலுக்குப் போய்விடுகின்றன. டிஏபியில் இரண்டுமே இல்லை என்று சொல்லலாம்.

கந்தகம் குறைந்தால் பருப்பில் எண்ணெய் குறையும், புரதத்தின் தரமும் குறையும். அதை யூரியாவால் ஈடுகட்ட முடியாது. கடலை தன் வேர்முடிச்சிலேயே தழைச்சத்து சேர்த்துக்கொள்ளும் செடி. மேலும் மேலும் யூரியா போட்டால் செடி கருகருவென்று தழைக்கும், பார்க்க அழகாக இருக்கும், செக்கில் ஆட்டும்போதுதான் குறை தெரியும்.

சுண்ணாம்புச் சத்தின் சங்கதியே வேறு. வேர் எடுக்கும் சுண்ணாம்பு இலைக்கு ஏறிவிடும், அங்கிருந்து திரும்ப இறங்கி மண்ணுக்குள் இருக்கும் காய்க்கு வராது. விழுது, அதாவது பூவிலிருந்து மண்ணுக்குள் போகும் காம்பு, இறங்கிய இடத்து மண்ணிலிருந்து காயே நேராக உறிஞ்ச வேண்டும். அங்கே இல்லாவிட்டால் காய் பொக்கு. விரலால் அழுத்தினால் டப்பென்று உடையும், உள்ளே ஒன்றும் இருக்காது. பருப்பு பிடித்த காயிலும், பருப்பை இரண்டாகப் பிளந்து பாருங்கள்: முளைக்குருத்து கறுத்துக் கிடக்கும். அதை விதைக்கு எடுத்தால் முளைப்பு ஏமாற்றும்.

அதனால் அடியுரம் (விதைக்கும்போது போடுவது) எதுவானாலும், சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் சேர்ந்த ஜிப்சத்தை விடக்கூடாது. ஏக்கருக்கு 160 கிலோ, விதைத்த 40-45ஆம் நாளில் களை வெட்டி, செடியைச் சுற்றித் தூவி, ஈரத்தோடு மண் அணைக்க வேண்டும். அடியில் போட்ட சூப்பர் இந்த வேலையை முழுதாகச் செய்யாது. என்னைக் கேட்டால் முதலிடம் சூப்பரும் ஜிப்சமும். ஆள் கிடைக்காதவருக்கு டிஏபியும் ஜிப்சமும். வெறும் டிஏபி வேண்டவே வேண்டாம். அப்புறம், பொட்டாஷை (சாம்பல்சத்து உரம்) அடியுரத்தோடு முடித்துவிடுங்கள். விழுது இறங்கும் நேரத்தில் போட்டால் அது சுண்ணாம்போடு போட்டி போட்டுப் பொக்கைக் கூட்டும்.

எள்ளுக்குக் காய் மண்ணுக்கு மேலே இருப்பதால் ஜிப்சத்துக்கு அவ்வளவு அவசரமில்லை. கந்தகத்துக்குச் சூப்பரே போதும். கூடவே மாங்கனீசு சல்பேட் ஏக்கருக்கு 2 கிலோவை உலர்ந்த மணலில் கலந்து தூவிவிடுங்கள்.