மதர்போர்டு மாற்றியதாகச் சொல்லி ரூ.14,160 வாங்கினார்கள்: பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் கவனத்திற்கு

ஓய்வுபெற்ற ஆசிரியரான என் தந்தையின் மடிக்கணினி ஏறத்தாழ பத்து ஆண்டுப் பழையது. சென்ற மாதம் ஒருநாள் பவர் பொத்தானை அழுத்தியதும் விளக்கு எரிந்தது, விசிறி சில விநாடிகள் சுழன்று நின்றது, பிறகு தானாகவே மீண்டும் சுழன்றது. திரையில் மட்டும் எதுவும் வரவில்லை. நான் வெளியூரில் இருந்ததால், சென்னையின் கடலோரத் திருவான்மியூரில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு பழுதுபார்ப்புக் கடைக்கு அவரே அதைக் கொண்டுபோனார். அங்கே அவருக்கு நேர்ந்ததை இங்கே எழுதுவதற்குக் காரணம், இதே அறிகுறியோடு வேறு யாரேனும் ஒரு முதியவர் இதே போன்ற கடைக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதுதான்.

கடையில் மடிக்கணினியைத் திறந்துகூடப் பார்க்காமல், "மதர்போர்டு அவுட் சார், உள்ளே ஷார்ட் ஆயிருக்கு" என்றார்கள். மதர்போர்டு என்றால் கணினியின் எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகை. மறுநாள் தொலைபேசியில் அழைத்து, "எஸ்எஸ்டியும் போயிடுச்சு சார், டேட்டா எதுவும் எடுக்க முடியாது" என்றார்கள். எஸ்எஸ்டி என்பது நம் கோப்புகள் சேமிக்கப்படும் பாகம். மதர்போர்டுக்கு ரூ.8,500, புதிய எஸ்எஸ்டிக்கு ரூ.3,500, இரண்டுக்கும் சேர்த்து 18 விழுக்காடு ஜிஎஸ்டி ரூ.2,160 என்று மொத்தம் ரூ.14,160 வாங்கிக்கொண்டு, ஒரு துண்டுச் சீட்டில் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதில் கடையின் பெயர் இருந்தது; ஜிஎஸ்டி எண் இல்லை, மாற்றிய பொருள்களின் வரிசை எண் இல்லை, உத்தரவாதம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பழைய பாகங்களை அப்பா கேட்டபோது, அவை வேலைக்கு ஆகாதவை, குப்பையில் போட்டுவிட்டோம் என்றிருக்கிறார்கள்.

நான் ஊர் திரும்பியபோது மடிக்கணினி ஒருநாள் ஓடியது, மறுநாள் பழையபடி கறுப்புத் திரையோடு நின்றது. புதிய மதர்போர்டும் புதிய எஸ்எஸ்டியும் போட்ட பிறகு அதே நோய் அதே வடிவில் திரும்புவது எப்படி என்ற கேள்வியோடுதான், திரை வந்த நேரங்களைப் பயன்படுத்திச் சோதனையைத் தொடங்கினேன்.

முதலில் எஸ்எஸ்டி. எஸ்எஸ்டி பொதுவாகத் தான் எத்தனை மணி நேரம் இயங்கியது என்பதைத் தனக்குள்ளேயே பதிவு செய்துவைத்திருக்கும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 'பவர் ஆன் ஹவர்ஸ்' என்ற வரியைப் பார்த்தால் அது தெரியும். புதிது என்று விற்கப்பட்ட இந்த எஸ்எஸ்டி 11,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் யாரோ பயன்படுத்திய பொருள் அது.

அடுத்து மதர்போர்டு. பயாஸ் திரையின் (விண்டோஸ் தொடங்குமுன் திறக்கக்கூடிய அமைப்புத் திரை) முதற்பக்கத்தில் தெரியும் வரிசை எண்ணும், மடிக்கணினியின் அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் எண்ணும் அப்படியே பொருந்தின. பலகையை மாற்றிய பின் தேர்ந்த பழுதுபார்ப்பாளர் பழைய எண்ணையே மீண்டும் எழுதிவைக்க முடியும் என்பதால், இதை மட்டும் சான்றாகக் கொள்ள முடியாது. ஆனால் அப்பாவின் கணினிக்கு வீட்டு ரவுட்டரில் ஒரு நிலையான முகவரியை முன்பே ஒதுக்கி வைத்திருந்தேன். அது கம்பிவழி இணைப்பின் மேக் முகவரியை, அதாவது அந்த இணைப்புச் சில்லுக்கே உரிய தனி எண்ணை, அடையாளமாகக் கொண்டது. அந்த இணைப்புக்கான சில்லு மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். வைஃபை அட்டையைப் போல அதைக் கழற்றி இன்னொரு பலகையில் செருக முடியாது. மேக் முகவரி மாறவே இல்லை. அதாவது, ரூ.8,500 வாங்கிக்கொண்டு மாற்றியதாகச் சொன்ன மதர்போர்டு மாற்றப்படவே இல்லை.

பிறகு உண்மையான பழுது என்ன என்று பார்க்க, சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் பல ஆண்டுகளாகப் பழுதுபார்க்கும் ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் வேலை செய்த முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அந்த முறைதான் முதற்கடையில் நடந்திருக்க வேண்டியது. சார்ஜரைக் கழற்றி, அடிமூடியைத் திறந்து, பேட்டரியின் இணைப்பை விடுவித்து, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, உள்ளே தங்கியிருந்த மின்னூட்டத்தை வடியவிட்டார். பிறகு எச்டிஎம்ஐ கம்பியில் வெளித்திரையை இணைத்துப் பார்த்தார். அதிலும் படம் வராததால் கோளாறு மடிக்கணினியின் திரையில் இல்லை என்பது தெரிந்தது. வெளித்திரையில் மட்டும் படம் வந்திருந்தால், டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து மடிக்கணினித் திரையில் மங்கலாக ஏதேனும் தெரிகிறதா என்று பார்த்திருப்பேன், தெரிந்தால் பின்னொளி மட்டும் போயிருக்கிறது என்று பொருள் என்றார்.

அதன் பிறகே ரேமை, அதாவது கணினியின் தற்காலிக நினைவகப் பட்டையை, எடுத்தார். இருபுறமும் உள்ள கொக்கிகளை விலக்கியதும் அது சாய்ந்து எழுந்தது. அந்த டிடிஆர்3 வகை ரேமில் 204 தொடுமுனைகள் உண்டு. அவற்றில் ஓரத்திலிருந்த சில, தங்க நிறம் மங்கிக் கருமை படிந்திருந்தன. கடற்காற்று படும் வீடுகளிலிருந்து வரும் கணினிகளில் இதை அடிக்கடி பார்ப்பதாகச் சொன்னார். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் சாதாரண அழிப்பானால் இருபுறமும் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தூரிகையால் தட்டிவிட்டு, ரேமை மற்றொரு செருகிடத்தில் செருகினார். மூன்றாவது விநாடியில் நிறுவனச் சின்னம் திரையில் வந்தது. முதலில் இருந்த செருகிடத்தையும் துடைத்துவிட்டு அதிலும் போட்டுப் பார்த்தார், அதிலும் வேலை செய்தது. கூலி ரூ.400. ஜிஎஸ்டி எண் அச்சிட்ட ரசீதையும் கேட்காமலே கொடுத்தார்.

கறுப்புத் திரை என்றால் மதர்போர்டுதான் என்று முடிவுகட்டுபவர் ஒன்று வேலை அறியாதவர், அல்லது அறிந்தே ஏமாற்றுபவர். பல மடிக்கணினிகள் கோளாறு எங்கே என்பதைத் தாமே சொல்லும். டெல்லின் பல மாடல்களில் பேட்டரி விளக்கு இரண்டு முறை ஆரஞ்சு, மூன்று முறை வெள்ளை என்று மாறி மாறிச் சிமிட்டினால் ரேம் அகப்படவில்லை என்று பொருள். வேறு சில நிறுவனங்களின் கணினிகள் இதை ஒலிக்குறிப்பாகத் தெரிவிக்கும். உங்கள் மாடலின் பராமரிப்புக் கையேட்டில் இந்தக் குறிகளின் பட்டியல் இருக்கும். கடைக்குப் போகுமுன் அந்தச் சிமிட்டலைக் கைப்பேசியில் காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைவிட என்னை உலுக்கியது, குப்பையில் போட்டதாகச் சொல்லப்பட்ட அந்தப் பழைய எஸ்எஸ்டிதான். அப்பாவின் ஓய்வூதிய ஆவணங்களும் ஆதார், பான் நகல்களும், மறைந்த என் தாயாரின் படங்களும் அதில் இருந்தன. சான்றுகளின் படங்களை அச்செடுத்து, எழுத்துப்பூர்வமான புகாரோடு கடைக்குச் சென்று, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிவு செய்த புகாரின் எண்ணையும் காட்டிய பிறகுதான் மேசையின் இழுப்பறையிலிருந்து அதை எடுத்துத் தந்தார்கள். வீட்டில் இணைத்துப் பார்த்தபோது ஒரு கோப்புகூடக் கெடாமல் இருந்தது. 'டேட்டா எடுக்க முடியாது' என்று கைவிரிக்கப்பட்ட பொருள் அது.

எனவே பழுதுபார்க்கக் கொடுக்கும்போதே ரேம், எஸ்எஸ்டி ஆகியவற்றின் அளவையும் வரிசை எண்ணையும் ஜாப் ஷீட்டில் (பொருளைப் பெற்றுக்கொண்டதற்குக் கடை தரும் சீட்டு) எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் எஸ்எஸ்டியைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுக் கொடுங்கள். திரையில் ஒளியே வராத கோளாறைச் சோதிக்க அது தேவையில்லை. மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

ரசீதைப் பொறுத்தவரை, ஜிஎஸ்டி எண் எழுத்துகளும் இலக்கங்களுமாக 15 குறிகள் கொண்டது, தமிழ்நாட்டில் பதிவானவை 33 என்று தொடங்கும். பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி வசூலிக்கவே சட்டத்தில் இடமில்லை. பொருளுக்கோ சேவைக்கோ ரசீது தராதிருப்பதை, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே வரையறுக்கிறது. நம்பிக்கையின் பேரில் கொடுத்த தனிப்பட்ட தகவலைப் பிறருக்கு வெளியிடுவதும் அதே வரையறைக்குள் வருகிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணமில்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதுமில்லை.

மதர்போர்டுக்கும் எஸ்எஸ்டிக்கும் வாங்கிய தொகையில் இதுவரை ஒரு ரூபாயும் திரும்பவில்லை. புகார் அளிக்கச் சட்டம் இரண்டு ஆண்டுகள் தருகிறது; துண்டுச் சீட்டையும், எஸ்எஸ்டி ஓடிய மணிக்கணக்கு தெரியும் கணினித் திரையின் படத்தையும், ரிச்சி தெரு ரசீதையும் இணைத்து ஆணையத்துக்கான மனுவை அப்பாவின் பெயரில் இப்போது தயார்செய்து வருகிறோம். இதே போன்ற அனுபவம் உள்ளவர்கள், தங்களிடமுள்ள சீட்டு எதுவாக இருந்தாலும் அதைத் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டுகிறேன்.