வெர்திக்கியோ: பல வருடப் பழக்கத்தில் தெரிந்துகொண்டது

அங்கோனாவுக்குக் குடிவந்ததிலிருந்து எங்கள் வீட்டில் அதிகம் திறக்கப்படும் வெள்ளை ஒயின் வெர்திக்கியோதான். இத்தாலியின் கிழக்குக் கரையில், மார்க்கே மாநிலத்தில் விளையும் திராட்சை இது. பத்து யூரோவுக்குள்ளேயே நல்ல பாட்டில் கிடைத்துவிடும். அதனாலோ என்னவோ, வெயில் காலத்தில் ஐஸ் போலக் குளிர வைத்துக் குடித்துவிட்டு மறக்கிற சாதாரண ஒயின் என்று பலர் நினைக்கிறார்கள். 1953-ல் பாத்சி பத்தாலியா நிறுவனம் பழங்காலக் குடுவை வடிவில் கொண்டுவந்த பச்சை பாட்டில்தான் இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. 'சுற்றுலாக்காரர்களின் ஒயின்' என்ற பெயரையும் அதே பாட்டில்தான் ஒட்டவைத்தது. அந்தப் பெயர் இதற்குத் துளியும் பொருந்தாது.

கிளாஸில் வெளிர் வைக்கோல் நிறம், ஓரத்தில் லேசான பச்சை. வாசனை தூக்கலாக இருக்காது. பச்சை ஆப்பிள், எலுமிச்சை, கொஞ்சம் சோம்பு. வாயில் வைத்ததும் புளிப்பு பளிச்சென்று தெரியும். விழுங்கிய பிறகுதான் இதன் அசல் குணம் வரும்: பாதாமைத் தோலோடு மென்ற மாதிரி, அடிநாக்கில் நிற்கும் ஒரு கசப்பு. தனியாகக் குடிப்பவர்களுக்கு அது பிடிக்காமல் போகலாம். சாப்பாட்டோடு குடித்தால் அந்தக் கசப்புதான் எண்ணெய்ப் பிசுக்கை வழித்தெடுத்து, அடுத்த வாய்க்குத் தயார் செய்கிறது.

வாங்கும்போது இரண்டு ஊர்ப் பெயர்களைப் பார்க்கலாம். யேசி பக்கத்துக் குன்றுகள் கடலை நோக்கித் திறந்தவை, அங்கிருந்து வருவது கொஞ்சம் சதைப்பிடிப்பான ஒயின். மாத்தேலிக்கா உள்நாட்டில், மலைகளுக்கு நடுவே அடைபட்ட பள்ளத்தாக்கு. இரவுக் குளிர் அதிகம் என்பதால் புளிப்பும் கூர்மையாக இருக்கும். என் ஓட்டு யேசிக்குத்தான், அதிலும் குப்ராமொந்தானா கிராமத்து ஒயினுக்கு. 'ரிசெர்வா' என்று போட்டிருந்தால் குறைந்தது 18 மாதம் பக்குவப்பட்டது என்று அர்த்தம். அதை வாங்கி, வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் இன்னும் நாலைந்து வருடம் படுக்க வையுங்கள். தேன், காய்ந்த பூ, வறுத்த பாதாம் என்று வாசனை அடியோடு மாறிவிடும், புளிப்பு மட்டும் அப்படியே நிற்கும். இந்த விலையில் இப்படி வயதாகத் தெரிந்த வெள்ளை ஒயின் வேறு எதையும் நான் குடித்ததில்லை.

அப்புறம், சாப்பாடு. இந்தக் கரையின் பெரிய உணவு ப்ரொதெத்தோ. தக்காளியும் வினிகரும் சேர்த்து வேகவைக்கும் மீன் குழம்பு, அங்கோனா வழக்கப்படி பதின்மூன்று வகை மீன் போடவேண்டும். வினிகர் விழுந்த குழம்புக்குப் பக்கத்தில் சப்பையான ஒயின் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். வெர்திக்கியோ ஈடுகொடுக்கிறது. ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது போர்த்தோநோவோ பாறைகளில் தானாக வளரும் சிப்பி. ஆலிவ் எண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டு, சிப்பியைக் கொட்டி, இதே ஒயினில் அரை கிளாஸ் ஊற்றி மூடினால் சில நிமிடத்தில் வாய் பிளந்துவிடும். உப்பு போடவே கூடாது, சிப்பி விடும் கடல்நீர் போதும். அடியில் தேங்கும் சாற்றில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டே குடித்தால், ஒயினில் இருக்கும் லேசான உப்புச் சுவை அப்போது நன்றாகத் தெரியும்.

மீனோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். காட்டுப் பெருஞ்சீரகம் அடைத்துச் சமைக்கும் முயல் கறிக்கு ரிசெர்வா அருமையான ஜோடி. கறி அடைத்துப் பொரித்த அஸ்கோலி ஆலிவுக்கு இளம் பாட்டிலே போதும்.

ஒரு குறை சொல்லவேண்டும். இங்குள்ள உணவகங்கள் சிலவற்றில் பல் கூசுகிற அளவுக்குக் குளிர வைத்துத் தருகிறார்கள், வாசனையே வராது. 10 முதல் 12 டிகிரி சரியாக இருக்கும், ரிசெர்வாவுக்கு இன்னும் ஒன்றிரண்டு டிகிரி கூடினாலும் பரவாயில்லை.

நம் வீட்டுப் புளி மீன் குழம்போடு ஒத்துப்போவதில்லை. புளியோடு ஒயினின் புளிப்பும் சேர்ந்தால் அதிகமாகிவிடுகிறது, மிளகாய்க் காரமோ ஆல்கஹாலின் எரிச்சலைக் கூட்டுகிறது. அதே கையால் நெத்திலியை மிளகும் உப்பும் மட்டும் தடவி, மொறுமொறுவென்று பொரித்து, எலுமிச்சை பிழிந்து வைத்தால் பாட்டில் சீக்கிரம் காலியாகிவிடும். நெத்திலி இந்தக் கடலிலும் தாராளமாகக் கிடைக்கிறது.