டென்னிஸ் எஃப்8 தீயணைப்பு வண்டி வாங்க நினைப்பவர்கள் கவனத்திற்கு

பழைய தீயணைப்பு வண்டிகளைச் சேகரிப்பவர்கள் பிரிட்டனில் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களிடையே வண்டியின் நிலையைப் போலவே அதன் பூர்வீகத்துக்கும் விலை உண்டு. டென்னிஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் கட்டிய எஃப்8 வகை தீயணைப்பு வண்டி ஏதோவொரு தொழிற்சாலை வளாகத்துக்குள் நின்றுகொண்டிருந்தது என்றால் ஒரு விலை; பர்மிங்காம் நகரத் தெருக்களில் மணியடித்துக்கொண்டு ஓடியது என்றால் வேறு விலை. இந்த இரண்டு விலைகளுக்கும் இடைப்பட்ட தொகையைத்தான் ஒரு விற்பனையாளரும், அவர் பரிந்துரைத்த ‘வரலாற்று ஆய்வாளர்’ ஒருவரும் என்னிடமிருந்து பறித்தார்கள். தகராறு இன்னும் முடியாததால் பெயர்களைத் தவிர்த்து, அவர்கள் கையாண்ட முறையை மட்டும் எழுதுகிறேன்.

வண்டியோடு எனக்குத் தரப்பட்ட கோப்பு தடிமனானது. தனியாகக் கட்டணம் வாங்கிக்கொண்டு தயாரிக்கப்பட்ட அந்த அறிக்கையில், கில்ட்ஃபோர்டில் இருந்த டென்னிஸ் ஆலையில் 1950-களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட இந்த வண்டி நேராக பர்மிங்காமுக்குச் சென்றதாகவும், முகப்பில் தொங்கும் பித்தளை மணி முதல் ரோல்ஸ்-ராய்ஸ் பி60 எஞ்சின் வரை யாவும் ஆலையில் பொருத்தியவையே என்றும் எழுதப்பட்டிருந்தது. ஆதாரமாக, தீயணைப்புத் துறையின் வாகனப் பதிவேட்டுப் பக்கம் ஒன்றின் நகலும் இணைக்கப்பட்டிருந்தது.

சந்தேகத்தைக் கிளப்பியது மணிதான். துலக்கியபோது அதில் என்.எஃப்.எஸ். என்ற எழுத்துகள் தெளிந்தன. அது போர்க்கால தேசியத் தீயணைப்புப் படையின் முத்திரை. 1941 ஆகஸ்டில் உருவான அந்தப் படை, 1948 ஏப்ரல் 1 அன்று உள்ளாட்சிகளிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டு முடிவுக்கு வந்தது. எஃப்8 வெளிவரத் தொடங்கியதோ 1950-களின் தொடக்கத்தில். கலைக்கப்பட்ட படையின் மணி, அதற்குப் பின் பிறந்த வண்டியில் ஆலையிலேயே பொருத்தப்பட்டிருக்க வழியில்லை. பதிவேட்டு நகலின் கதை இதைவிட மோசம். 1950-களின் பதிவு என்று காட்டப்பட்ட அந்தப் பக்கத்தின் தலைப்பில் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் தீயணைப்புச் சேவை என்று அச்சாகியிருந்தது. அந்த அமைப்பே 1974-ல்தான் தோன்றியது, அதுவரை பர்மிங்காம் நகருக்குத் தனித் தீயணைப்புப் படை இருந்தது.

பதிவெண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலானோர் ஏமாறும் இடம் இது. அந்தக் காலத்தில் வாகனங்களை உள்ளூர் மன்றங்களே பதிவு செய்தன. ஒவ்வொரு மன்றத்துக்கும் தனி எழுத்துகள் இருந்தன. பர்மிங்காமில் பதிவான மூன்றெழுத்து எண்களில் பல ஜே.ஓ.ஜே., எம்.ஓ.எஃப். என்பவற்றைப் போல நடுவில் ஓ கொண்டவை. என் வண்டியின் எழுத்துகளோ எஸ்.வி. என்று முடிந்தன. அது ஸ்காட்லாந்தின் மிகச் சிறிய மாவட்டங்களில் ஒன்றான கின்ராஸுக்கு உரியது. அங்கே வாகனங்கள் குறைவாக இருந்ததால் பயன்படாமல் மிஞ்சிப்போன எண்களை, அசல் எண்ணை இழந்த பழைய வண்டிகளுக்கு அவற்றின் வயதுக்கேற்ற எண்ணாக ஸ்வான்சியிலுள்ள வாகனப் பதிவு அலுவலகம் பின்னாளில் வழங்கியது. அப்படியொரு எண் இருப்பது குற்றமில்லை. நேர்மையான வண்டிகள் பலவற்றில் அது உண்டு. அதையே பர்மிங்காமில் பெற்ற முதல் எண் என்று கட்டணம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்ததுதான் மோசடி.

எஞ்சின் பி60-தான், ஆனால் இந்த வண்டியோடு பிறந்ததல்ல. அதே வகை எஞ்சினை பிரிட்டிஷ் இராணுவம் ஃபெரெட் கவச வாகனங்களில் பயன்படுத்தியது. நீர் புகாதபடி உறையிட்ட 24 வோல்ட் தீப்பொறி அமைப்பு இராணுவ எஞ்சினின் அடையாளம். என் வண்டியில் உறைகளைக் கழற்றிவிட்டிருந்தார்கள், அவற்றைத் தாங்கிய பிடிப்புகளை மறந்துவிட்டார்கள்.

மற்றவற்றைக் கழற்றி மாட்டலாம். வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் பொறித்த சேஸிஸ் எண்ணை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல. ஓட்டுநர் அறையில் இருந்த பித்தளைத் தகட்டைப் பளபளக்கும் புதிய ரிவெட்டுகள் பிடித்திருந்தன. அவற்றை ஒட்டியே பழைய துளைகள் பட்டி வைத்து மூடப்பட்டிருந்தன. சட்டத்தின் மேல் தடிமனாகப் பூசியிருந்த கறுப்பு வண்ணத்தைக் கரைத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, சாக்பீஸ் தூளைத் தடவி, டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது இலக்கங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. தகட்டில் இருந்த எண் வேறு, சட்டத்தில் இருந்த எண் வேறு. டென்னிஸ் நிறுவனத்தின் பழைய ஆவணங்கள் வோக்கிங்கிலுள்ள சர்ரே வரலாற்று மையத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அங்கே தேடியதில், சட்டத்து எண்ணுக்குரிய வண்டி ஒரு தொழிற்சாலையின் சொந்தத் தீயணைப்புப் பிரிவுக்கு விற்கப்பட்டது தெரியவந்தது. கதவின் உள்விளிம்பில் சிவப்புக்கு அடியில் இருந்த பச்சை வண்ணத்துக்கும் அப்போதுதான் காரணம் புரிந்தது.

வாங்கும் முன் சட்டத்து எண்ணைப் படம் எடுத்து, விற்பவரின் ஆளை நம்பாமல், ஆவணக் காப்பகத்தை நீங்களே நேரடியாக அணுகுங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் விலகிவிடுங்கள். வி5சி பதிவுச் சான்றிதழைக் காட்டி வாயடைக்கப் பார்ப்பார்கள். அது உரிமைக்கே சான்றல்ல எனும்போது பூர்வீகத்துக்கு எப்படிச் சான்றாகும்? ரசீதில் ‘தனிநபர் விற்பனை’ என்று எழுதுகிறார்களா என்றும் பாருங்கள். முற்றத்தில் விற்பனைக்குப் பல வண்டிகளை நிறுத்தியிருந்த அந்த மனிதர் எனக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் வணிகர்களிடம் வாங்கிய பொருளை 30 நாட்களுக்குள் நிராகரிக்கத் தரும் உரிமையிலிருந்து தப்பிக்கும் வழி அது. தனிநபர் விற்பனையாகவே இருந்தாலும், பொய்யான விவரம் சொல்லி விற்றதற்கு 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிவாரணம் கேட்கலாம் என்பதால் அந்த வழியிலும் கோரிக்கை வைத்திருக்கிறேன்.

அறிக்கை எழுதியவர், கடிதம் போனதும், மறுபேச்சின்றிக் கட்டணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். விற்பனையாளர் இன்னும் அசையவில்லை. அவருடைய புதிய விளம்பரம் ஒன்றில் இப்போது வேறொரு டென்னிஸ் வண்டி நிற்கிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவதும் 1974-க்குப் பிந்தைய தலைப்பு கொண்ட அதே பதிவேட்டுப் பக்கம்தான், எண் மட்டும் மாற்றப்பட்டிருக்கிறது.