ஜே, கே, பி, ஓ: என்விடிஏயோடு எட்டு வருடங்கள்

என் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. முதலில் இரவில், பிறகு பகலிலும். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருக்கிறேன், வரலாறு படிப்பிக்கிறேன். கரும்பலகை இல்லாமல் சமாளிக்கலாம், கடுதாசி இல்லாமல் ஏலாது. எட்டு வருடங்களுக்கு முன், கணனித் திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசிக்கும் என்விடிஏ என்ற திரை வாசிப்பானுக்கு வந்தது அதனால்தான்.

அவுஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய மென்பொருள் இது. அவரும் பார்வையற்றவர். முழுக்க இலவசம். பென்டிரைவில் போட்டுக்கொண்டு போனால் பள்ளிக்கூடக் கணனியிலும் ஓடும். இந்த ஒன்றுக்காகவே அவர்களுக்கு நன்றி சொல்வேன்.

அதோடு வரும் ஈஸ்பீக் தமிழ்க் குரல் முதல் வாரம் தலையிடி தந்தது. தகரத்தில் கல் உரசுகிற மாதிரி இருக்கும். ஆனால் எவ்வளவு வேகம் கூட்டினாலும் சொல் சிதையாது. மாணவர் கட்டுரைகளை இப்போது அதிலேதான் கேட்கிறேன். ல, ள, ழ பிழைகள் மட்டும் காதுக்குத் தப்பிவிடும். சந்தேகம் வந்தால் அம்புக்குறி விசையால் எழுத்தெழுத்தாகப் போய்ப் பார்ப்பேன். கைபேசியில் அண்ட்ரொயிட்டின் திரை வாசிப்பானான டாக்பேக் போதும், குரலும் இனிமை.

என்னை உண்மையாக வதைத்தது பாமினி எழுத்துரு. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருக்கிறது. கண்ணுக்குத் 'தமிழ்' என்று தெரிவது கணனிக்குள் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. வாசிப்பான் உள்ளே இருப்பதைத்தானே வாசிக்கும்? ஒருமுறை ஓர் அலுவலகத்திலிருந்து வந்த கூட்ட அறிவித்தல் ஒரு பக்கம் முழுக்க இப்படியே ஒலித்தது. யாரிடமாவது கேட்டு வாசிப்பதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது. அன்று அழுதேன்.

இப்போது பாமினியில் வருவதை நகலெடுத்து யூனிகோட் மாற்றியில் போடுகிறேன். யூனிகோடில் தமிழ் எழுத்து கணனிக்குள்ளும் தமிழ் எழுத்தாகவே இருக்கும். படமாக வருடி அனுப்பினால் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டொக்ஸில் திறப்பேன். தமிழ் எழுத்தாக வந்துவிடும், அட்டவணைகள்தான் நொறுங்கிப்போகும். நேரசூசியை அப்படி வாசிக்கவே முடியாது.

மாற்றுத்திறனாளிகளுக்காக இலங்கையில் வந்த 2006இன் அணுகல் ஒழுங்குவிதிகளுக்குப் பிறகு, கட்டடங்களில் சாய்தளம் பற்றிக் கதைக்கிறோம். அது வேணும். அலுவலகக் கடிதம் எந்த எழுத்துருவில் வருகிறது என்பதையும் அதே அளவுக்குக் கதைக்க வேணும்.

எங்கள் பக்கத்துத் தட்டச்சுக் கடைத் தம்பியிடம் இதைச் சொன்னேன். "ரீச்சர், பாமினி கைப்பழக்கமாப் போச்சு, இனி வேறை பழக ஏலாது" என்றார். பழகத் தேவையில்லை. எழுத்துரு வேறு, விசைப்பலகை வேறு. என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் பாமினி விசைப்பலகையைத் தெரிவு செய்தால் விரல் பழைய இடத்திலேயே போகும், எழுத்து யூனிகோடில் விழும். அவருடைய கணனியில் அதை நிறுவப் பத்து நிமிடம் போனது. அடுத்த நாள் அவர் அடித்து அனுப்பிய வினாத்தாளை யாரையும் கூப்பிடாமல் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கேட்டேன்.