‘சேஃப்டி போர்டு’ என்று என் தலையில் கட்டியது

இரண்டு மாதச் சம்பளம் போச்சு. வயிறு எரிந்துகொண்டே எழுதுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடல்மீன் தொட்டிச் சாமான்களை இணையத்தில் விற்கிற கடை. பெயர் வேண்டாம். தொட்டி, ஹீட்டர், பம்ப், லைட் எல்லாம் மொத்தமாக வாங்கும்போது நான் கேட்டது ஒன்றுதான்: “உப்புத் தண்ணீர்ல கையை விடணும், கரண்ட் கசிஞ்சா?” கடைக்காரர் வீடியோ காலில் ஒரு பிளக் போர்டைக் காட்டினார். ஓரத்தில் சிவப்புப் பொத்தான். அதைத் தட்டினார், டக்கென்று விளக்கு அணைந்தது. “கசிவு வந்தா தானா கட் ஆயிடும் சார். என் வீட்டுத் தொட்டிக்கும் இதான்.” அந்த ‘டக்’கில் விழுந்தேன். மறுபேச்சில்லாமல் பணம் அனுப்பினேன்.

நான்காம் மாதம் தொட்டிக் கண்ணாடியைத் துடைக்கும்போது விரலில் இருந்த கீறலில் சுருக்கென்றது. உப்பு எரிகிறது என்று விட்டுவிட்டேன். (முட்டாள்தனம், தெரியும்.) உண்மையில் ஹீட்டரின் கண்ணாடிக் குழாயில் மயிரிழை விரிசல். சிவப்புப் பொத்தான் அசையவே இல்லை. இரண்டு நாள் கழித்து இரவில் போர்டே கருகியது. தெறித்த துளிகள் காய்ந்து உப்பாகப் படிந்து, அது காற்றின் ஈரத்தை இழுத்து, பின்களுக்கு நடுவே கரண்ட் ஓட வழி செய்திருக்கிறது. பம்ப் நின்று, விடிவதற்குள் கோமாளி மீன் ஜோடி செத்து மிதந்தது.

எலக்ட்ரீஷியன் பிரித்துப் பார்த்துச் சிரித்தார். அது வெறும் ஓவர்லோடு சுவிட்ச், 10 ஆம்பியரைத் தாண்டினால்தான் விழும். ஆளைக் காப்பாற்ற வேண்டியது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழ வேண்டும். முந்நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம்! வீட்டு மெயினிலும் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச்) இல்லை; அது என் தப்பு.

கடையில் கேட்டால், “உப்புத் தண்ணீர் பட்டிருக்கு, வாரண்டி வராது.” உப்புத் தண்ணீர்த் தொட்டிக்கென்றே விற்ற போர்டுக்கு! அப்புறம் “கம்பெனிக்கு அனுப்பியிருக்கோம்”. அப்புறம் “சார் வெளியே போயிருக்கார்”. கடைசியில் அதே போர்டைப் பாதி விலைக்குத் தருகிறார்களாம். இரண்டு மாதச் சம்பளம் ஐயா, இரண்டு மாதம்!

விவரமாக அறிவுரை எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. 30 மில்லி ஆம்பியர் அல்லது அதற்கும் குறைவு என்று அச்சிட்ட ஆர்சிசிபியை எலக்ட்ரீஷியனை வைத்தே போடுங்கள், மாதம் ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். ஒயர் பிளக்கைவிடக் கீழே தொங்கி மேலேறட்டும், வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். போர்டைத் தொட்டிக்கு அடியில் வைக்காதீர்கள். கையை விடுவதற்கு முன் எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். சுருக்கென்றால் உப்பு என்று நினைக்காதீர்கள்.