தடோபா கோடை சஃபாரி: பிரிட்ஜ் கேமராவா, 100-400-ஆ, 600-ஆ?

ஏப்ரல் பிறந்தால் போதும், யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "புலி எடுக்க எத்தனை எம்எம் லென்ஸ் வாங்கலாம்?" இது பாதிக் கேள்விதான். எந்தக் காடு, எந்த வண்டி, எவ்வளவு வெளிச்சம் என்பது மீதிப் பாதி. முதுமலையில் வனத்துறை வேனில் ஜன்னலோரம் இடம்பிடித்து எடுப்பது ஒரு வேலை, கபினியில் படகிலிருந்து அக்கரை யானையை எடுப்பது இன்னொரு வேலை, தடோபாவில் ஜிப்ஸி என்னும் திறந்த ஜீப்பில் ஆறு பேரோடு இடித்துக்கொண்டு எடுப்பது முற்றிலும் வேறு வேலை. மூன்றுக்கும் ஒரே லென்ஸைச் சொல்கிறவரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

நான் மகாராஷ்டிராவிலுள்ள தடோபா புலிகள் காப்பகத்தை மட்டும் பேசுகிறேன், அதுவும் மே மாதத்தை. சென்னையிலிருந்து டெல்லி போகும் ரயிலில் ஏறி பல்லார்ஷாவில் இறங்கினால், மிச்ச தூரத்துக்குக் கார். வெயில் 45 டிகிரியைத் தாண்டும், ஓடைகள் வற்றிவிடும், தண்ணீர் மிஞ்சியிருக்கும் இடங்களைத் தேடிப் புலி வரும். அதைத் தேடி நாமும் போகிறோம்.

முதலில் தூரம். எம்எம் கூடக் கூடத் தொலைவில் இருப்பது பெரிதாகத் தெரியும், ஆனால் படத்துக்குள் அடங்கும் அகலம் குறையும். இங்கே புலி பல நேரம் பாதையிலேயே நடக்கும். வண்டிக்குப் பத்து மீட்டரில் பக்கவாட்டில் கடக்கிறது என்று வையுங்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (பெரிய சென்சார், அதாவது படம் பதியும் பெரிய சில்லு கொண்டது) 200 எம்எம் வைத்தால் அந்தத் தூரத்தில் படத்துக்குள் வருவது 1.8 மீட்டர் அகலம்தான். வாலையும் சேர்த்துப் பார்த்தால் புலி அதைவிட நீளம். அதாவது 200-600 லென்ஸின் ஆகக் குறைந்த ஜூமிலேயே புலி முழுதாக அடங்காது! 100 எம்எம் இருந்தால் 3.6 மீட்டர் அகலம் கிடைக்கும், முழுப் புலியும் பாதையும் கொஞ்சம் மூங்கிலும் வரும். அதே புலி ஐம்பது மீட்டர் தள்ளித் தண்ணீரில் உட்கார்ந்திருந்தால் கதை மாறிவிடுகிறது, அங்கே 600-தான் ராஜா.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் ஜிப்ஸியில் ஒருவர் பெரிய 600-உடன் வந்திருந்தார். நான் 100-400. திருப்பத்தில் ஒரு பெண்புலி நேராக எங்களை நோக்கி நடந்து வர, டிரைவர் வண்டியைப் பின்னுக்கு எடுக்க, கைடு "பீச்சே, பீச்சே" (பின்னால், பின்னால்) என்று அடிக்குரலில் சொல்லிக்கொண்டிருக்க, பக்கத்திலிருந்தவருக்கு மூக்கும் மீசையும்தான் கிடைத்தன. மறுநாள் மாலை ஏரிக்கு அக்கரையில் இன்னொரு புலி. அவர் சிரித்துக்கொண்டே எடுத்தார், நான் மரங்களோடு சேர்த்து ஒரு மஞ்சள் புள்ளியை எடுத்தேன். கணக்கு நேராகிவிட்டது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தடோபாவின் கோர் பகுதிக்குள் (நடுக்காட்டுக்குள்) செல்போன் கொண்டுபோக முடியாது. "கிட்ட வந்தால் போனில் எடுத்துக்கொள்வேன்" என்று 600-ஐ மட்டும் தூக்கிக்கொண்டு போகிற திட்டம் கேட்டிலேயே முடிந்துவிடும்.

சரி, போட்டியாளர்களுக்கு வருவோம்.

முதலில் பிரிட்ஜ் கேமரா, அதாவது லென்ஸைக் கழற்ற முடியாத, நீண்ட ஜூம் கொண்ட கேமரா. அதில் நிகான் பி1000-ஐப் பார்த்து மயங்காதவர் குறைவு. ஃபுல் ஃபிரேம் கணக்கில் 24-இலிருந்து 3000 எம்எம் வரை, ஒரே கேமராவில், எடை சுமார் 1.4 கிலோ. நிலாவை எடுக்க அருமை. ஆனால் உள்ளே இருக்கும் சென்சார், பரப்பளவில் ஃபுல் ஃபிரேமில் முப்பதில் ஒரு பங்கு. 3000-க்குப் போகும்போது எஃப் 8 வேறு (எஃப் எண் கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும்). புலி நடமாட்டம் நன்றாக இருப்பதோ விடிந்த முதல் ஒரு மணி நேரமும் பொழுது சாயும் நேரமும். அந்த வெளிச்சத்தில் இவ்வளவு சிறிய சென்சாரில் ஐஎஸ்ஓவை (வெளிச்ச உணர்திறனை) ஏற்றினால் கோடுகள் போய் மஞ்சள் மெழுகுதான் மிஞ்சும். ஒன்பது மணிக்கு மேல் வெளிச்சம் தாராளமாக வரும், ஆனால் அதற்குள் தரை சூடாகிக் கானல் ஆடத் தொடங்கியிருக்கும். நூறு மீட்டருக்கு அப்பால் எல்லாமே நெளியும். கானலுக்கு முன்னால் எந்த லென்ஸும் ஒன்றுதான். ஆக, அந்த 3000-ஐ இந்தக் காட்டில் எப்போது பயன்படுத்துவது? பறவை பார்க்கிறவர்களுக்கு, வீட்டு மொட்டை மாடிக்கு, தாராளமாக வாங்கலாம். கோடைப் புலிக்கு என் ஓட்டு கிடையாது.

பிரிட்ஜ் வகையிலேயே சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 வேறு ஜாதி. 2017 மாடல், பழசுதான். 24-600, எஃப் 2.4-இலிருந்து 4, பி1000-ஐப் போல நான்கு மடங்கு சென்சார், எடை 1.1 கிலோவுக்குள். நொடிக்கு 24 படம் வரை எடுக்கும். இதை இளக்காரமாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு கணக்கு: லென்ஸின் எஃப் எண்ணை சென்சார் அளவோடு சேர்த்து ஃபுல் ஃபிரேமுக்கு மாற்றிப் பாருங்கள். 600-இல் இது சுமார் எஃப் 11-க்குச் சமம். கேனான் கிராப் பாடியில் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார் கொண்ட கேமராவில்) அதே கம்பெனியின் ஆர்எஃப் 100-400 லென்ஸைப் போட்டு 400-இல் எஃப் 8 வைத்தால் அது சுமார் எஃப் 13. அதாவது கேவலம் பிரிட்ஜ் என்று ஒதுக்கப்படும் கேமரா, நுனி ஜூமில் வெளிச்ச விஷயத்தில் கொஞ்சம் முன்னால் நிற்கிறது! அதோடு 24 எம்எம்மில் ஜிப்ஸியையும் புலியையும் சேர்த்து எடுக்கலாம், வீட்டுக்காரரையும் எடுக்கலாம். குடும்பத்தோடு போகிறீர்கள், வருடத்துக்கு ஒரு காடு, லென்ஸ் மாற்றுகிற தொல்லை வேண்டாம் என்றால், நல்ல நிலையில் பழையது ஒன்று கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

அப்படியானால் ஆர்எஃப் 100-400 எதற்கு? எடைக்கும் விலைக்கும் ஃபோகஸுக்கும். லென்ஸ் வெறும் 635 கிராம். ஆர்10 பாடியோடு சேர்த்தாலும் ஒரு கிலோவைச் சொற்பமாகத்தான் தாண்டும். ஆர்7 போட்டால் 32.5 மெகாபிக்சல், வெட்டிப் பெரிதாக்க இடம் உண்டு. விலங்கின் கண்ணைத் தானே பிடித்துக்கொள்ளும் ஃபோகஸ், புல்லுக்கு நடுவில் முகம் தெரிகிற புலிக்கு எவ்வளவு உதவும் என்பது எடுத்துப் பார்த்தால்தான் புரியும். முன்பு மூங்கில் இலை ஷார்ப்பாகவும் புலி மங்கலாகவும் எத்தனை படம் கொண்டுவந்திருக்கிறேன்! கிராப் சென்சார் என்பதால் பார்வைக்கு 640 வரை போகும், ஐம்பது மீட்டர் புலி ஃபுல் ஃபிரேமில் 600 போட்ட மாதிரியே நிறையும். பலவீனம் இரண்டு: பொழுது சாய்ந்தபின் எஃப் 8 மூச்சு வாங்கும், தூசிக்கும் மழைக்கும் சீல் கிடையாது.

தூசி என்றதும் பெரிய லென்ஸ்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. நிகான் இசட் 180-600, சோனி 200-600 இரண்டுமே உள்ளுக்குள் ஜூம் ஆகிறவை, குழாய் நீளாது. சிக்மா, டாம்ரான் 150-600 நீளும். முன்னால் போகிற ஜிப்ஸி கிளப்புகிற செம்மண் புழுதியில் நாள் முழுக்க ஜூம் செய்கிறவருக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை. பெரிய இரண்டில் எது என்றால் கையில் இருக்கும் பாடி எதுவோ அதுதான், அதற்காகக் கம்பெனி மாறாதீர்கள். முதல்முறை வாங்குகிறவராக இருந்தால் 180-இல் தொடங்கும் நிகானுக்கு ஒரு சிறு முன்னுரிமை, அதே பத்து மீட்டர் புலிக்காக. இரண்டும் இரண்டு கிலோ பக்கம். ஃபுல் ஃபிரேமிலேயே எஃப் 6.3 என்பதால் பொழுது சாயும் இருட்டு நேரத்தில் ஆர்எக்ஸ்10, ஆர்எஃப் 100-400 இரண்டையும் இவை தெளிவாக ஜெயிக்கும். ஆனால் இதை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், கழுத்தில் 24-105 மாதிரி ஏதாவது மாட்டிய இரண்டாவது பாடி வேண்டும். புழுதியில் லென்ஸ் கழற்றி மாற்றுவது பாவம்.

பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) கூட்டணியை மறந்துவிட வேண்டாம். நிகான் டி500-உம் 200-500 எஃப் 5.6-உம் சேர்ந்து மூன்று கிலோவுக்கு மேல், பயன்படுத்தியதாக வாங்கினால் புது மிரர்லெஸ் (கண்ணாடி இல்லாத) செட்டின் பாதி விலைக்கும் கீழே முடியும். கடைசி வரை எஃப் 5.6, நொடிக்கு 10 படம். கண் பிடிக்கும் வித்தை கிடையாது, ஃபோகஸ் புள்ளியை நீங்களே வைக்க வேண்டும். கிட்டப் புலிக்கு இதுதான் மோசம், பத்து மீட்டரில் தலையும் தோளும் மட்டும். கை பழகியவர்களுக்குச் சரி.

400 எஃப் 2.8 பற்றிக் கேட்காதீர்கள். பத்து லட்சத்தைத் தாண்டும் பொருளை ஒப்பிட்டு என்ன செய்ய?

எதை எடுத்தாலும் டிரைபாடை வீட்டில் வையுங்கள், ஜிப்ஸியில் விரிக்க இடமில்லை. வெறும் பீன் பேக் உறையை மடித்துப் பெட்டியில் வைத்து, அங்கே போய் இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பிக் கம்பியின் மேல் போட்டால் பாறை மாதிரி நிற்கும். ஆனால் பக்கத்தில் ஒருவர் எழுந்து உட்கார்ந்தால் வண்டியே ஆடும், அதனால் நடக்கிற புலிக்கு 1/500 நொடி ஷட்டர் வேகத்துக்குக் கீழே போக எனக்கு மனம் வருவதில்லை.

என்னைக் கேட்டால், முதல் பயணத்துக்கு ஆர்எஃப் 100-400-உம் ஒரு கிராப் பாடியும், அல்லது ஆர்எக்ஸ்10. மூன்று நான்கு தடவை போய், மாலை இருட்டில் படம் கெட்டது என்று உங்களுக்கே எரிச்சல் வந்தபின் பெரியதை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். எடுக்கும்போது கடையிலேயே மாட்டி, ஸ்டெபிலைசரை (கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதியை) ஆன் செய்து, பத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். எனக்கு ஒரு தடவை அது வேலை செய்யாத லென்ஸ் வந்து சேர்ந்தது, முதல் சஃபாரி முடிந்து அறைக்குத் திரும்பியபின்தான் தெரிந்தது. அப்புறம், செவ்வாய்க்கிழமை தடோபா கோர் பகுதி மூடியிருக்கும். தேதியைப் பார்த்து எடுங்கள், ஒரு நாள் வாடகை மிச்சம்.